மிதிவண்டியின் சேம அச்சு

சங்க காலத்து உமணர் உப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் புறப்படும்போது, வண்டியின் அடிமரத்தோடு ஓர் அச்சுமரத்தைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு சென்றனர். இச்செய்தியைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். பூட்டிய எருதுகள் இளையவை. ஏற்றிய பாரமோ மிகுதி. வழி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். எவ்விடத்தில் என்ன நேருமென்று முன்கூட்டி அறிய இயலாது. ஆதலால் சேம அச்சு வேண்டியதாயிற்று. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த புலவர், இந்தச் சேம அச்சையே அவனுக்கு உவமையாக்கினார்.

வகுப்பில் இப்பாட்டை நடத்துவோர் பெரும்பாலும் உவமையின் நயத்தோடு நின்றுவிடுகின்றனர். உமணரின் தொழிற்கணக்கும் எண்ணிப் பார்க்கத் தக்கது. அவர்கள் பாட்டில் கட்டிச் செல்வது சக்கரத்தையன்று, நுகத்தையன்று, அச்சை. கயிறு அறுந்தால் முடிந்துகொள்ளலாம். நுகம் பிளந்தால் வழியில் ஒரு மரக்கிளை அகப்படும். மேடுபள்ளத்தில் பாரம் முழுவதையும் தாங்கி முறியக்கூடியதும், முறிந்தால் வண்டியை அசையவொட்டாமல் நிறுத்திவிடுவதும், காட்டு வழியில் எளிதிற் கிடைக்காததும் அச்சேயாகும். எது முறியும், முறிந்தால் மாற்று எங்கே கிடைக்கும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து அவர்கள் கண்ட விடை அதுவெனக் கொள்ளலாம்.

மலைவழியில் மிதிவண்டி ஓட்டுவோரும் இதே இரண்டு கேள்விகளைக் கடந்த நூற்று முப்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர். விடைதான் காலந்தோறும் மாறிவந்துள்ளது. இருக்கையின் அடியில் தொங்கும் அந்தச் சிறு பையில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதைப் பார்த்தால், அக்காலத்து மிதிவண்டி எவ்வாறு செய்யப்பட்டது, அதை ஓட்டியவனுக்கு உதவி எவ்வளவு தொலைவில் இருந்தது என்பவையும் விளங்கிவிடும்.

அப்பையில் முதலில் இடம் பிடித்தவை டயரின் சேமப்பொருள்கள். 1888ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரை மிதிவண்டிக்குப் பயன்படுமாறு செய்தார். அதற்கு முன் சக்கரங்களில் இருந்தது கெட்டி ரப்பர். அது எலும்பை உலுக்கும்; ஆனால் அதில் பஞ்சர் என்பதற்கு இடமே இல்லை. டன்லப்பின் டயர் ஓட்டத்தை மென்மையாக்கியது. அதனோடு ஒரு புதுத் தொல்லையையும் கொண்டுவந்தது. தொடக்க காலத்து டயர் துணியால் சுற்றப்பட்டு, பசையால் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. ஓட்டையை அடைக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் பிரித்து, ஒட்டி, மீண்டும் சுற்றி, காயவைக்க வேண்டும். 1889இல் பிரான்சின் கிளெர்மோன் பெர்ரான் நகரில் இருந்த மிச்செலின் சகோதரர்களின் தொழிற்சாலைக்கு இத்தகைய டயர் ஒன்று பழுதுக்கு வந்தது. அதைச் சரிசெய்ய 3 மணி நேரமும், பசை காய ஓர் இரவும் பிடித்தன என்பது அந்நிறுவனத்தின் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. வழிப்போக்கன் ஒருவன் காட்டுப் பாதையில் அப்பழுதைப் பார்ப்பதென்பது நடவாத காரியம்.

1891இல் மிச்செலின் நிறுவனத்தார் கழற்றி மாட்டக்கூடிய டயரைக் கொண்டுவந்தனர். அவ்வாண்டு பாரிசிலிருந்து பிரெஸ்ட் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் சார்லசு தெரோன் என்பவர் அந்த டயர்களைப் பூட்டி 71 மணி 22 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு பாரிசுக்கும் கிளெர்மோன் பெர்ரானுக்கும் இடையே தாமே ஒரு பந்தயம் நடத்திய நிறுவனத்தார், டயரை மாற்றுவது எவ்வளவு எளிது என்பதை ஊரறியச் செய்ய வழியில் ஆணிகளைத் தூவச் செய்தார்களாம். விளம்பரத்துக்காகப் பிறர் டயரைக் குத்தும் இத்துணிவை மெச்சுவதா, கடிவதா என்பதைப் படிப்போர் முடிவுக்கு விட்டுவிடலாம். எப்படியாயினும், டயர் நெம்புகோல், ஒட்டுத்துண்டு, கடைக்காரர்கள் சொல்யூஷன் என்று அழைக்கும் பசை, கைப்பம்ப் ஆகிய நான்கும் அக்காலத்தில் பைக்குள் புகுந்தவையே. இன்றுவரை அவை பெரிதும் மாறவில்லை.

இடையே ஒரு செய்தி. டன்லப் தம் டயரைச் செய்த அதே 1888ஆம் ஆண்டில்தான் எச். என். ரிட்லி சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பை ஏற்றார். ரப்பர் மரத்தைப் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை ஓயாமல் வற்புறுத்தியவர் அவர். முதலில் மிதிவண்டியும் அதன்பின் மோட்டார் வண்டியும் டயருக்காக ரப்பரைக் கேட்டன. அந்த வேட்கையால்தான் மலாயாக் காடுகள் பால்மரத் தோட்டங்களாயின. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் கடல் கடந்து வந்தனர். பஞ்சர் ஒட்டும் ரப்பர்த் துண்டுக்கும் தோட்டத்து லயத்துக்கும் உள்ள உறவு இவ்வளவு நெருங்கியது.

டயருக்கு ஒரு வழி பிறந்ததும், மிதிவண்டியை மலைநாட்டில் நெடுந்தொலைவு ஓட்டிச் செல்ல முடியுமா என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தில் மிசூலாக் கோட்டையில் இருந்த 25ஆம் காலாட்படையினர் அதைச் சோதித்துக் காட்டினர். அப்படையின் வீரர்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். ஜேம்சு மாஸ் என்ற இளம் லெப்டினன்டு 1896இல் எட்டு வீரர்களைக் கொண்டு ஒரு மிதிவண்டிப் படையை அமைத்து, அவ்வாண்டிலேயே மலைகளைக் கடந்து எல்லோஸ்டோன் வரை அழைத்துச் சென்று திரும்பினார். 1897 சூன் 14ஆம் நாள் 20 வீரர்கள், ஒரு மருத்துவர், 19 வயதுச் செய்தியாளர் ஒருவர் ஆகியோருடன் மிசூலாவிலிருந்து புறப்பட்டுச் சூலை 24ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரை அடைந்தார். தொலைவு ஏறத்தாழ 1,900 மைல், நாள் 41.

இப்பயணத்தின் ஆயத்தம் உமணரின் கணக்கை நினைவூட்டும். வண்டிகளை ஸ்பால்டிங் நிறுவனம் இலவசமாகத் தந்தது. அக்காலத்து அமெரிக்க மிதிவண்டிகளில் மரத்தாலான ரிம்மே வழக்கம். மரம் மழையில் ஊறினால் கோணிவிடும். ஆதலால் படைவண்டிகளுக்கு எஃகு ரிம்மும், முன்சக்கரத்தைப் பிடித்து நிற்கும் கவைக்குக் கூடுதல் வலிவும், சேறு படியாமல் சங்கிலிக்கு மூடுபெட்டியும் வைக்கப்பட்டன. முறியக்கூடியதை முறியாதவாறு செய்துவிட்டால் அதற்கு மாற்றுச் சுமக்க வேண்டாமல்லவா? எஞ்சிய சுமையோ குறைவன்று. வண்டியும் அதன் மேலிருந்த மூட்டையும் சேர்ந்து சராசரி 59 பவுண்டு இருந்தன. அதாவது ஏறத்தாழ 27 கிலோகிராம். அதற்கு மேல் வீரன் தன் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் சுமந்தான். கைப்பிடியில் போர்வைச் சுருள். சட்டத்தின் நடுவே உள்ள முக்கோண வெற்றிடத்தில் உணவும் தட்டுமுட்டும் வைக்கும் பெட்டி. இரண்டு நாள் உணவு மட்டும் உடன் எடுத்தனர். ஏறத்தாழ நூறு மைலுக்கு ஒருமுறை இரயில் நிலையங்களில் அடுத்த உணவு காத்திருக்குமாறு மாஸ் முன்னரே ஏற்பாடு செய்திருந்தார்.

கருவிகளினும் சிறந்த சேமப்பொருள் ஒன்று அக்கூட்டத்தில் இருந்தது. அது ஒரு மனிதன். ஜான் பின்ட்லி என்ற வீரர் படையில் சேர்வதற்கு முன் சிக்காகோவில் மிதிவண்டித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பழுதுபார்க்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. கருவிப் பையை எவரும் சுமக்கலாம். கோணிய சக்கரத்தை ஆரக்கம்பி ஆரக்கம்பியாக இறுக்கியும் தளர்த்தியும் நேராக்கும் கை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. இதை மாஸ் உணர்ந்திருந்தார் என்பது பாராட்டத் தக்கது.

வழியிலோ, எந்தப் பையிலும் மருந்தில்லாத துன்பங்கள் வந்தன. மோன்டானாவின் களிமண் சேறு சக்கரத்துக்கும் கவைக்கும் இடையில் அப்பிக்கொண்டு உருளவே விடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு இரயில் பாதையின் சிலிப்பர்க்கட்டைகள் மேல் நடந்தனர். மலைமுகட்டைக் கடக்கையில் பனியும் மழையும். நெப்ராஸ்காவில் சுமார் 170 மைல் மணற்குன்றுகள், கடும் வெயில், உவர்நீரைக் குடித்து வயிற்றுநோய். டயர் நன்றாக இருந்தும் மணலில் வண்டி ஓடாது. அந்த 170 மைலைக் கடக்க நான்கரை நாள் ஆயிற்று. இயந்திரத்தின் பழுதைவிட மண்ணும் நீரும் வயிறுமே படையை மிகுதியாக நிறுத்தின என்பதை இப்பயணத்தின் வரலாற்றைப் படிப்போர் காணலாம்.

படை இரயிலில் திரும்பியது. சான்பிரான்சிஸ்கோ வரை இன்னொரு பயணம் செய்ய மாஸ் விரும்பினார், ஒப்புதல் கிட்டவில்லை. 1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டதும் 25ஆம் காலாட்படை கியூபாவுக்குப் போயிற்று. மிதிவண்டிப் படை அத்தோடு முடிந்தது. அப்பயணத்தில் வீரர்களின் தலைமைச் சார்ஜன்டாகச் சென்ற மிங்கோ சாண்டர்சின் கதை வேறொரு வகையில் முடிந்தது. 1906இல் டெக்சஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பாக்கி, விசாரணை மன்றமின்றியே, அப்படைப்பிரிவின் 167 கறுப்பின வீரர்களைக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வேலையிலிருந்து நீக்கினார். 26 ஆண்டு பணியாற்றி ஓய்வூதியத்தை நெருங்கியிருந்த சாண்டர்சும் அவர்களுள் ஒருவர். அமெரிக்கத் தரைப்படை அத்தீர்ப்பை மாற்றியது 1972இல். சாண்டர்ஸ் இறந்ததோ 1929இல்.

படைக்குத் துணையாள் இருந்தான். பந்தயக்காரனுக்கோ அக்காலத்தில் துணையே கூடாதென்று விதி இருந்தது. பிரான்சைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தை 1903இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சு, மனிதனின் வலிமையையும் மனவுறுதியையும் சோதிப்பதே பந்தயமென்று கருதியவர். வண்டி பழுதானால் ஓட்டுபவன் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறர் கை அதில் படக்கூடாது. ஆகவே ஓட்டுநர்கள் மாற்று டயர்களை எட்டு வடிவில் முறுக்கித் தோள்களில் குறுக்காக மாட்டிக்கொண்டு சென்றனர். அக்காலத்துப் புகைப்படங்களில் அவர்கள் பூணூல் இரண்டு அணிந்தவர்போல் தோன்றுவர். திருகுசாவி, பம்ப், ஆரக்கம்பி இவையும் உடன் இருக்கும். ஆயினும் கவை முறிந்தால் என் செய்வது? மாற்றுக் கவையை யாரும் சுமப்பதில்லை.

1913 சூலை 9ஆம் நாள் அதுவே நேர்ந்தது. பயோனிலிருந்து லுஷோன் வரை பிரனீசு மலைகளின் ஊடாக 326 கிலோமீட்டர். ஓழேன் கிறிஸ்தோப் என்பவர் பந்தயத்தை வெல்லும் நிலையில் இருந்தார். தூர்மலே கணவாயின் உச்சியைக் கடந்து கீழே இறங்கும்போது அவருடைய வண்டியின் முன்கவை முறிந்தது. விதிப்படி வேறு வண்டி ஏறக் கூடாது. முறிந்த வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு, பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தும் ஓடியும் அவர் மலையிறங்கினார். முந்திச் சென்றவர்களும் பின்தங்கியிருந்தவர்களும் அவரைக் கடந்து மறைந்தனர்.

அடிவாரத்தில் சாந்த் மரி தெ காம்பான் என்ற சிற்றூர். அங்கே ஒரு கொல்லன் உலை இருந்தது. கிறிஸ்தோப் இளமையில் பூட்டுத்தொழில் பயின்றவர். இரும்பு அவருக்குப் புதிதன்று. கொல்லர் சொல்லிக் கொடுக்கலாம், கை வைக்கக் கூடாது. பந்தய அதிகாரிகள் உலைக்களத்தில் நின்று கண்காணித்தனர். கிறிஸ்தோப் எஃகுக் குழலைத் தேர்ந்து, காய்ச்சி, அடித்து, பொருத்தி, ஏறத்தாழ 3 மணி நேரத்தில் கவையைத் தாமே இணைத்தார். ஒரு கையால் இரும்பைப் பிடித்து மறுகையால் சம்மட்டியை ஓச்சுபவனுக்குத் துருத்தியை இழுக்க மூன்றாவது கை ஏது? உலையில் இருந்த சிறுவன் ஒருவன் துருத்தியை இழுத்துவிட்டான். அது பிறர் உதவி என்று அதிகாரிகள் 10 நிமிடத் தண்டனை விதித்தனர். பின்னர் அது குறைக்கப்பட்டதென்றும் சொல்வர். ஏற்கெனவே மணிக்கணக்கில் இழந்துவிட்டவருக்கு அந்த நிமிடங்கள் ஒரு பொருட்டல்ல. அவர் வண்டியேறி, மேலும் மலைகளைக் கடந்து, அன்றைய எல்லையை அடைந்தார். பாரிசில் பந்தயம் முடிந்தபோது அவருக்கு ஏழாம் இடம். பெல்சியத்தின் பிலிப் திஸ் வென்றார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் அனைவரும் கிறிஸ்தோப்பின் உறுதியைப் புகழ்வர். அது தகும். அவர் தப்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு என்பதை மறக்கலாகாது. 1913இல் மிதிவண்டியும் ஊர்க் கொல்லனின் உலையும் ஒரே தொழிலுலகைச் சேர்ந்தவை. எஃகுக் குழல், நெருப்பு, சம்மட்டி இவற்றால் ஆன வண்டியை நெருப்பும் சம்மட்டியும் இருக்கும் எந்த ஊரிலும் மீட்டுவிடலாம். அவருடைய சேமப்பொருள் பையில் இல்லை. மலையடிவாரத்து உலையிலும் தம் இளமைப் பயிற்சியிலும் இருந்தது. இன்றைய கார்பன் இழைச் சட்டம் முறிந்தால் எந்த உலையும் அதைக் காப்பாற்றாது.

கவை அவரை விடவில்லை. 1919இல் முதன்முதலாக மஞ்சட் சட்டை அணியும் பெருமை பெற்றவர் அவரே. கடைசிக்கு முந்திய நாள், மெத்சிலிருந்து டன்கர்க் வரையிலான 468 கிலோமீட்டர் ஓட்டத்தில், வலான்சியென் அருகே கவை மீண்டும் முறிந்தது. ஒரு பட்டறையைத் தேடிப் பழுதுபார்த்து முடிப்பதற்குள் சட்டை கைமாறிவிட்டது. அந்த ஆண்டு மூன்றாம் இடமே கிடைத்தது. நாடெங்கும் மக்கள் அவருக்காகப் பணம் திரட்டி அனுப்பினர். 1922இலும் மலைச்சரிவில் மூன்றாம் முறையாகக் கவை முறிந்தது.

ஓட்டுபவன் தனியே நின்று எல்லாவற்றையும் செய்துகொள்ளும் அவ்வுலகத்துக்கு நேர்மாறான நிலையை மலாயா கண்டது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் சப்பானியர் இறங்கினர். 1942 சனவரி 31ஆம் நாள் சொகூர்பாரு வீழ்ந்தது. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டரை 55 நாளில் கடந்த அப்படையின் எண்ணும் 25 என்பது தற்செயல். யமாசித்தாவின் கீழிருந்த 25ஆம் படையின் திட்ட அதிகாரியான மசனோபு சுஜி பின்னாளில் எழுதிய நூலில், ஒரு டிவிசனுக்கு ஏறத்தாழ 500 மோட்டார் வண்டிகளும் 6,000 மிதிவண்டிகளும் இருந்தன என்கிறார். சுஜியின் பெயர் சிங்கப்பூரில் சீனர்கள் படுகொலை செய்யப்பட்டதோடு பிணைந்தது. வெற்றிப் பெருமிதத்தோடு எழுதப்பட்ட அவர் நூலை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். எனினும் மிதிவண்டிகளைப் பற்றி அவர் தரும் செய்திகள் தொழில் விவரங்கள். அவற்றில் மிகைக்கு இடம் குறைவு.

பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தால் வீரர்கள் வண்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினர். தார்ச்சாலையின் வெப்பத்தால் டியூப்புகள் அடிக்கடி வெடித்தன. ஒவ்வொரு கம்பெனிக்கும் பழுதுபார்ப்போர் குறைந்தது இருவர் இருந்தனர். நாளொன்றுக்குச் சராசரி 20 வண்டிகளைச் சரிசெய்தனர். அதற்கும் நேரமில்லாத போது டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினர். இரவில் நூற்றுக்கணக்கான ரிம்கள் கற்சாலையில் எழுப்பிய ஓசையைக் கேட்டு டாங்கிகள் வருகின்றன என்று எதிர்த்தரப்பினர் அஞ்சிப் பின்வாங்கியதாகச் சுஜி எழுதுகிறார்.

அப்படையின் சேமப்பொருள்கள் அவர்களுக்கு முன்பே மலாயாவுக்கு வந்துவிட்டிருந்தன என்பதே இங்கு அறிய வேண்டியது. போருக்கு முந்திய ஆண்டுகளில் சப்பானிய மிதிவண்டிகளும் உதிரிப்பொருள்களும் மலிவு விலையில் மலாயாவில் இறக்குமதியாயின. சிற்றூர்க் கடைகளிலும் அவை கிடைத்தன. தைப்பிங்கு, ஈப்போ போன்ற ஊர்களில் எந்தச் சைக்கிள் கடையைத் திறந்தாலும் தங்கள் வண்டிக்குப் பொருந்தும் டியூப்பும் செயினும் பெடலும் படைக்குக் கிடைக்கும் நிலை. கடையில் இல்லாதது வீட்டுவாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஊர் மக்களின் மிதிவண்டிகளைப் படையினர் பிடுங்கிக்கொண்டனர். மோன்டானாவில் 20 வீரர்கள் மூட்டையாகக் கட்டிச் சுமந்ததை, மலாயாவில் ஒரு நாட்டு மக்கள் தாங்கள் அறியாமலே படைக்காகச் சேர்த்து வைத்திருந்தனர். எல்லா வண்டிகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்ததால் வந்த வினை அது. மிதிவண்டி ஒன்றே உடைமையாக வைத்திருந்த தொழிலாளிக்கு அதை இழப்பது சிறிய இழப்பன்று.

ஆட்சிக்காலத்தில் நிலை தலைகீழாயிற்று. கப்பல் வரவு நின்றது. டயரும் டியூப்பும் அரிதாயின. கெட்டி ரப்பரையும் தோட்டத்து நீர்க்குழாயையும் ரிம்மில் சுற்றிக்கொண்டு மக்கள் வண்டி ஓட்டினர். டன்லப்புக்கு முந்திய காலத்துக்கு, அதுவும் பால்மரங்களின் நடுவே, மலாயா திரும்பிப் போயிற்று.

இன்று மலைமிதிவண்டி எனப்படும் வண்டி பிறந்தது போரினாலன்று, விளையாட்டினால். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் வட்டாரத்து இளைஞர்கள் 1970களில் பழைய ஷ்வின் மிதிவண்டிகளைக் குப்பையிலிருந்து எடுத்துப் புதுக்கினர். 1930, 40களில் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்ட, தடித்த டயரும் கனத்த சட்டமும் கொண்ட வண்டிகள் அவை. 1976 அக்டோபர் 21ஆம் நாள் பேர்பாக்ஸ் ஊரருகே மலைச்சரிவில் ஒரு பந்தயம் நடத்தினர். இரண்டு மைல் தொலைவுக்குள் ஏறத்தாழ 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் ஒன்றே அவ்வண்டிகளுக்கு இருந்தது. அது பின்சக்கரத்து ஹப்பின் உள்ளே இருக்கும். சரிவின் முடிவில் ஹப் கொதித்து, உள்ளிருந்த கிரீஸ் புகையாய்ப் போய்விடும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் ஹப்பைப் பிரித்துப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். மீண்டும் அடைத்தல் என்று பொருள்படும் ரீபேக் என்ற பெயரே அச்சரிவுக்கு நிலைத்துவிட்டது. பழுதுபார்க்கும் வேலையின் பெயரைத் தாங்கிய பந்தயக்களம் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

1977இல் சோ பிரீஸ் இவ்விளையாட்டுக்கென்றே புதுச் சட்டங்களைச் செய்தார். 1981இல் ஸ்பெசலைஸ்டு நிறுவனம் தொழிற்சாலையில் பெருந்தொகையாகச் செய்து விற்கத் தொடங்கியது. தொடக்க காலத்து மலைவழிப் பந்தயங்களில் தெக்ராஞ்சின் பழைய விதி மீண்டும் தலைகாட்டியது: ஓட்டுபவன் தன்னிடம் உள்ள கருவியால் தானே பழுது பார்க்க வேண்டும், வெளியார் உதவி கூடாது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டபோதும் அவ்விதி நடைமுறையில் இருந்தது. பின்னரே குறித்த இடங்களில் உதவி பெறலாம் என்று விதி தளர்ந்தது.

இன்று மலைவழி செல்வோர் கொண்டுபோகும் பையில் 1890களின் பொருள்கள் பெரும்பாலும் இருக்கின்றன. டியூப்பில்லா டயர் பரவிய பின்னும் ஒரு டியூப்பைச் சட்டத்தின் அடியில் பட்டையால் கட்டிச் செல்கின்றனர். சிறு ஓட்டையை டயருக்குள் ஊற்றிய திரவம் தானே அடைத்துவிடும். அதற்கு மிஞ்சினால் ரப்பர் திரியைச் செருகுவர். பக்கச்சுவர் கிழிந்தால் பழைய டயரின் துண்டொன்றை உள்ளே வைத்து டியூப்பைப் போடுவதே வழி. திருகுசாவிகளின் இடத்தை 4, 5, 6 மில்லிமீட்டர் அறுகோணச் சாவிகள் பிடித்துக்கொண்டன. சங்கிலியின் கண்ணியைத் தள்ளிக் கழற்றும் சிறு கருவியும், கையாலேயே மாட்டக்கூடிய இணைப்புக் கண்ணி ஒன்றும் இன்றியமையாதவை. சங்கிலி அறுந்தவன் மேட்டில் ஏற முடியாது. பம்பின் மேல் நாலைந்து சுற்றுத் துணிநாடாவைச் சுற்றி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். தனியே இடம் பிடிக்காது, எதற்கும் உதவும். எண்ணெயால் இயங்கும் பிரேக் கசிந்தால் மட்டும் வழியில் செய்யத்தக்கது ஏதுமில்லை.

இவற்றுள் 1890களின் ஓட்டுநன் அறியாத பொருள் ஒன்றுண்டு. பின்சக்கரத்தின் அருகே கியர் மாற்றியைத் தாங்கி நிற்கும் சிறு அலுமினியத் துண்டு அது, ஹேங்கர் என்பர். பாறையில் மோதினால் முதலில் அது வளைய வேண்டும், அல்லது முறிய வேண்டும். அப்போதுதான் விலையுயர்ந்த சட்டமும் கியரும் தப்பும். முறிவதற்கென்றே செய்யப்பட்ட உறுப்பு. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் சட்டத்துக்கெனத் தனி வடிவில் இதைச் செய்ததால், நூற்றுக்கணக்கான வடிவங்கள் சந்தையில் பெருகின. ஒரே கடையில் வாங்கிய இரண்டு வண்டிகளுக்கு இரண்டு ஹேங்கர். நண்பனிடம் இரவல் வாங்க முடியாது. ஊர்க் கடையில் கிடைக்காது. உலையில் அடித்துச் செய்வதும் எளிதன்று. தைப்பிங்குச் சைக்கிள் கடையில் எவன் வண்டிக்கும் எந்தப் பெடலும் பொருந்திய நிலைக்கு இது நேர்மாறு. சங்கிலியும் அப்படியே. 10 பல்வட்டச் சங்கிலிக்குரிய இணைப்புக் கண்ணி 12 பல்வட்டச் சங்கிலிக்குப் பொருந்தாது. வண்டி நுட்பமாக ஆக ஆக, ஓட்டுபவனின் பை கனக்கிறது. இதை வளர்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

2019இல் ஸ்ராம் என்ற நிறுவனம் எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவாகப் பொருந்தும் ஒரே வடிவ ஹேங்கரை வெளியிட்டது. மற்ற நிறுவனங்கள் பலவும் அதை ஏற்றுக்கொண்டன. அவ்வடிவைக் கொண்ட வண்டிகளை ஓட்டுவோர் நால்வர் சேர்ந்து சென்றால் ஒரு துண்டு போதும். அதற்கு முந்திய வண்டிகளோ இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்போர், தம் சட்டத்துக்குரிய ஹேங்கர் கடையில் கிடைக்கும்போதே இரண்டாக வாங்கி, ஒன்றைப் பையில் போட்டுவைக்கின்றனர்.